அவனுக்கு நொடி, இவளுக்கு வருஷம்

கயிற்றில் தொங்கிக்கொண்டே சித்தி வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கிறார். எட்டு மாடி உயர மணிக்கூண்டு. உச்சியில், கல் விளிம்புக்குக் கீழே ஓர் ஆரஞ்சு நிறத் திட்டு. அதன் மேல் கட்டைவிரலை வைத்து அளக்கிறார். வருடம் ஒருமுறை கூண்டைக் கழுவ ஏறும்போது அவருக்கு முதல் வேலை இதுதான். சுற்றிலும் தேய்ப்பார். திட்டில் மட்டும் தூரிகை படாது.

அது கல்பாசி. சித்தி வேலைக்குச் சேர்ந்தபோது சட்டைப் பொத்தான் அளவு இருந்ததாம். பதினாறு வருடம் கழித்து இப்போது டம்ளர் வாய் அளவு.

விளிம்பின் மேல் ராஜாளி உட்காரும். புறா ஒன்று கடந்தால் சிறகை மடக்கி விழும். விழுவதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காற்றில் சுழலும் இறகுகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

"அவனுக்கு நொடி, இவளுக்கு வருஷம்" என்பார் சித்தி. "அவன் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தெருவையே தாண்டிடுவான். இவ வருஷம் பூரா நடந்து ஒரு அரிசி அகலம் போவா. ஆனா யாரு நின்னு ஜெயிப்பான்னு சொல்லு பாப்போம்!"

சாப்பிடும்போதும் இதே பேச்சு. "என்னை ஒருநாளாவது இப்படி அளந்திருக்கியா?" என்பார் சித்தப்பா.

"நீங்க வளர்றது இடுப்புலதானே. அளக்காமலே தெரியுது."

ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சித்தியின் குரல் தாழ்ந்துவிடும். ராஜாளியின் எச்சம் மழையில் கரைந்து வழிகிற தடத்தில்தான் அந்தப் பாசி செழிக்கிறது. அவரே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. "வானத்தையே ஆள்றவன், இவளுக்குச் சமையல்காரன்டா!"

அடுத்த மாதம் சித்தியின் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. இந்த நேரத்தில் புதிதாக வந்த மேற்பார்வையாளர் கூண்டின் உச்சியைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மேல துரு பிடிச்சிருக்கு. ஆசிட் போட்டு எடும்மா" என்றார்.

"சார், அது துரு இல்ல, உசிரு."

"கல்லுல ஏதும்மா உசிரு? எடுக்க முடியலைன்னா அடையாள அட்டையைக் குடுத்துட்டுக் கெளம்பு."

சித்தி ஆசிட் கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். நாள் முழுக்கக் கூண்டின் நான்கு பக்கமும் தண்ணீர் வழிந்தது. கடைசியாக அந்த விளிம்புக்குக் கீழே வந்து, வெகுநேரம் அசையாமல் தொங்கினார். கீழே மேற்பார்வையாளர் கழுத்தை நிமிர்த்தியபடி நின்றார்.

கேன் கயிற்றில் மெல்ல இறங்கி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. மூடியின் முத்திரை உடையவில்லை. கைப்பிடியில், சித்தி தன் உயிருக்குப் போடுகிற அதே முடிச்சில், அவருடைய அடையாள அட்டை கட்டியிருந்தது.