உப்புக் கிரகத்தைத் தவிர்க்கலாம்

கிளிஃபர்ட் சக்டனைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது என்பதிலேயே எனக்குக் குழப்பம். அவரிடம் கேட்டால், “எந்த வரிசையில சொல்லப் போற? நடந்த வரிசையா, நமக்குத் தெரிய வந்த வரிசையா?” என்று திருப்பிக் கேட்பார். கேட்டுவிட்டு இரண்டிலும் உள்ள குறைகளை அரை மணி நேரம் விளக்குவார். அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊரில் நாற்பது வருடம் பேருந்துக் கால அட்டவணை போட்டவர் அவர். வண்டிகள் அந்த அட்டவணையை மதித்ததாக எனக்கு நினைவில்லை. அவர் போட்டதில் மதிக்கப்பட்டது கையேடு ஒன்றுதான்.

‘கடைசித் துறைமுகம்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் 1966இல் தொடங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கதை. இன்றுவரை அறுநூற்றுப் பதினொரு கதைகள், ஏழு கேப்டன்கள். அவர்களில் இரண்டு பேர் செத்துப் பிழைத்தவர்கள். ஒருத்தி தனக்கே மகள். அது எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே பாதிதான் புரிந்தது. புதிதாக வருகிறவன் இதில் எங்கே கால் வைப்பான்? அதற்காகத்தான் கிளிஃபர்ட் 1982இல் கையேடு போட்டார். ஒவ்வொரு கதைக்கும் ஒளிபரப்பான தேதி, நாலு வரிக் குறிப்பு, பக்கத்தில் ஒரு முத்திரை: ‘கட்டாயம்’, ‘பார்க்கலாம்’, ‘தவிர்க்கலாம்’. ஒன்பது பதிப்பு வந்துவிட்டது. மாதத்தின் முதல் சனிக்கிழமை பப்பின் மாடியில் கூடும் எங்கள் சங்கத்தில் பதினைந்து பேர். அவர் தவிர்க்கலாம் என்றால் நாங்கள் தவிர்த்தோம்.

அவர் மனைவி லொரைன் ஒரு கதைகூடப் பார்த்ததில்லை. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர். வாய் துடுக்கு, கை சுறுசுறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் அவர் கூடத்துக்குள் வரமாட்டார், கிளிஃபர்ட் கூடத்தை விட்டு வரமாட்டார். அப்படியே நாற்பது வருடம் ஓடியது. கிளிஃபர்ட் ஓய்வுபெற்ற மறுவாரம், காலைச் சாப்பாட்டு மேசையில் லொரைன் பேச்சை எடுத்தாராம்.

“பத்து கதை. பத்தே பத்து. நீயே பொறுக்கிக் குடு, உக்காந்து பாக்குறேன். அதுலயும் எனக்கு ஒண்ணும் ஒட்டலைன்னா, சனி ஞாயிறு நான் வெண்டிகிட்ட போயிடுறேன். நீ உன் கப்பலோட இரு, நான் கடலோட இருந்துக்கறேன்.”

வெண்டி அவர் தங்கை. பிரிட்லிங்டன் கடற்கரையில் வீடு, அதில் ஓர் அறை காலி. சனி ஞாயிறு என்பது சீக்கிரமே வெள்ளி முதல் திங்கள் வரை ஆகும், ஒருநாள் கதவோரக் கொக்கியில் லொரைனின் மேல்கோட்டு இருக்காது என்று கிளிஃபர்டுக்கு உடனே விளங்கிவிட்டது. பயந்துபோய்ச் சங்கத்துக்கு வந்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

“முதல் கதையிலதான் தொடங்கணும். வேற வழியே கிடையாது” என்றார் தலைவர் பெர்னார்ட்.

“முதல் கதைல கதவு திறக்கவே இருபது நிமிஷம் ஆகும். அந்தம்மா தூங்கிடுவாங்க” என்றேன் நான்.

“தூங்கட்டுமே. நான்கூடத்தான் தூங்கினேன். எழுந்திருச்சப்ப ரசிகனாயிட்டேன்.”

“முதல்ல ஒண்ணு முடிவு பண்ணுங்க” என்றார் கிளிஃபர்ட். “ஒளிபரப்பான வரிசையா, எடுத்த வரிசையா, கதைக்குள்ள காலம் ஓடுற வரிசையா?”

அதோடு அன்றைய கூட்டம் முடிந்தது. இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

பத்தைப் பொறுக்க உட்கார்ந்தவருக்குப் பத்து நாற்பத்து மூன்றாயிற்று. ஐந்தாவது கதை புரிய வேண்டுமென்றால் அதற்கு முன் இன்னொன்றைப் பார்த்தாக வேண்டும், அது புரிய வேறு இரண்டு. ஊர் எல்லைக்குப் போக மூன்று பேருந்து மாறுவதுபோல எங்கெங்கோ இணைப்பு வைத்து, பென்சிலில் அம்புக்குறி போட்டு, அழித்து, மறுபடி போட்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நான் நாற்பது வருடமாக இந்தத் தொடரைப் புரிந்துகொண்டதாக நினைத்ததே தவறோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

“நாலு மாசமாச்சு” என்று சமையலறையிலிருந்து லொரைன் குரல் கொடுத்தார். “என்னைக் கட்டிக்கவே நீ இவ்வளவு யோசிக்கல.”

கடைசியில் பத்தாகக் குறைத்தார். சனிக்கிழமை ஒன்று வீதம் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் நானும் போயிருந்தேன். கிளிஃபர்ட் திரையைப் பார்க்கவே இல்லை, மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வசனம் வருமுன்பே அவர் உதடு அதைச் சொல்லி முடித்துவிடும்.

“இவரு போன வாரம் செத்துட்டாரே” என்றார் லொரைன்.

“ஆமா. இது அதுக்கு முன்னாடி நடக்குது.”

“முன்னாடி நடந்ததை ஏன் பின்னாடி காட்டுற?”

“பின்னாடிதான் எடுத்தாங்க.”

“அப்ப, சாகப்போறது இவருக்குத் தெரியுமா?”

கிளிஃபர்ட் யோசித்தார். “நடிகருக்குத் தெரியும்” என்றார்.

லொரைன் என்னைப் பார்த்தார். “கண்ணு ஏட்ரியன், உனக்கு இதெல்லாம் புரியுதா?” புரிகிறது என்று சொன்னேன். பொய்.

எட்டு கதை முடிந்தது. ஒன்றும் ஒட்டவில்லை. ஒன்பதாவதற்கு முன்னால் லொரைன் கையேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாராம். நான்கு நாள் படித்தார். வியாழக்கிழமை ஒரு பக்கத்தில் விரலை வைத்து, “ஒன்பதாவதா இதைப் போடு” என்றார். ‘உப்புக் கிரகம்’. பக்கத்தில் முத்திரை: தவிர்க்கலாம். தேதி: 17 அக்டோபர் 1981. அவர்களுடைய கல்யாண நாள்.

இந்த விவரமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை மழையில் நனைந்துகொண்டு கிளிஃபர்ட் என் வாசலில் நின்றார்.

“உன்கிட்ட உப்புக் கிரகம் டிவிடி இருக்கா?”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் அலமாரியில் இல்லாத கதையா? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எங்கயோ காணாமப் போச்சு” என்றார். முகம் சரியில்லை. “நாளைக்கு நீயும் வாயேன். கூட ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்.”

அந்தக் கதையைப் பற்றி நானும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அது வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ரொம்பப் பிடித்திருந்தது. மறுவருடம் கையேட்டில், ‘மெதுவாக நகரும் கதை, நேர விரயம்’ என்று படித்த பிறகு பிடிக்காமல் போய்விட்டது. எது என் கருத்து, எது அவர் கருத்து என்று பிரிக்க இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனேன். தேநீர், இஞ்சி கேக். லொரைன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஏதோ விசாரணைக்கு வந்தவர் மாதிரி இருந்தது. வாசலில் சின்னப் பெட்டி ஒன்று ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது.

கதை ஓடியது. உப்பு வெளியில் தனியாக இருக்கும் ஒரு பெண் தினமும் குறித்த நேரத்தில் வானொலியில் கப்பலைக் கூப்பிடுகிறாள். அவள் குரல் கப்பலை எட்ட வெகுகாலம் ஆகிறது. அவள் இன்னும் இருக்கிறாளா என்றே கப்பலில் யாருக்கும் தெரியாது. போகலாமா வேண்டாமா என்று வாக்குவாதம். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கிளிஃபர்டின் உதடு அசையவில்லை. அவர் மனைவியையும் பார்க்கவில்லை. சோபா நுனிக்கு வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கப்பல் திரும்பிப் போகுமா, போகாதா?” என்று லொரைன் கறாராகக் கேட்டார்.

“தெரியல” என்றார் கிளிஃபர்ட்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. லொரைன் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

“தெரியலையா?”

“நான் இதைப் பாத்ததில்ல.”

“பாத்ததில்லையா? நீ பாத்த, கிளிஃப். ஓட்டல் பாருல உக்காந்து பாத்த. என் கல்யாணத்தன்னிக்கு என்னைக் கூடத்துல தனியா விட்டுட்டு அரை மணி நேரம் காணாமப் போன. மாப்பிள்ளை எங்கன்னு எல்லாரும் கேட்டாங்க, சிரிச்சுச் சமாளிச்சேன். ஒரு மாசம் கழிச்சு பெர்னார்டோட பொண்டாட்டிதான் சொன்னா, நீ டிவி பாத்தேன்னு சங்கத்துல பீத்திக்கிட்டியாம். அப்படி என்னதான் இதுல இருந்துச்சுன்னு பாக்கத்தான் இன்னிக்கு உக்காந்தேன்.”

எழுந்து போவதா உட்கார்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கேக் தட்டோடு அப்படியே இருந்தேன்.

கிளிஃபர்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். சங்கத்தில், கல்யாணமானால் இவன் தொடரை விட்டுவிடுவான் என்று கேலி செய்துகொண்டிருந்தார்களாம். நவம்பர் கூட்டத்தில் பெர்னார்ட் எல்லார் எதிரிலும், ‘உப்புக் கிரகம் பாத்தியா?’ என்று கேட்டார். சங்கத்தின் செயலாளராக இருந்துகொண்டு ஒரு கதையை விட்டுவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

“ஓட்டல் பாருல பாத்தேன்னு சொல்லிட்டேன். எப்படி இருந்துச்சுன்னான். குப்பைன்னேன். குப்பைன்னா மேல கேக்கமாட்டாங்க பாரு. அப்புறம் கையேட்டுல அச்சாயிடுச்சு.”

“டிவிடி வந்தப்பவாவது பாத்திருக்கலாமே” என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

“நல்லாயிருந்துட்டா? முத்திரையை மாத்தணும். ஏன் மாத்தினேன்னு கேப்பீங்க.”

லொரைன் அதைக் காதில் வாங்கவே இல்லை. “அந்த அரை மணி நேரம் எங்க இருந்த?”

கிளிஃபர்ட் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“உங்கப்பாகூட. பின்கட்டு பாத்ரூம்ல. ரொம்பக் குடிச்சுட்டாரு, சட்டையெல்லாம் வாந்தி. சட்டையைக் கழட்டிக் குழாயில கழுவி, கை உலர்த்துற மெஷின்ல காயவச்சேன். அழுதுக்கிட்டே இருந்தாரு. ‘பொண்ணுகிட்ட சொல்லிடாத, அவ கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்னு நெனைப்பா’ன்னாரு. சொல்லமாட்டேன்னேன்.”

“அப்பா செத்து இருபத்தாறு வருஷமாச்சு.”

“சொல்லமாட்டேன்னு சொன்னேனே.”

லொரைன் அழுதார். கோபமா, வருத்தமா, சிரிப்பா என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பிடிபடவில்லை. மூன்றும் மாறி மாறி வந்தன. எனக்குக் கிளிஃபர்ட் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதன் ஊருக்கெல்லாம் வரிசை சொல்லிவிட்டு, தன் வீட்டில் எதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியாமல் இத்தனை காலம் இருப்பானா? மறுகணமே, அவரைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது.

லொரைன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியை எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தன் நாற்காலியை விட்டுவிட்டு, கிளிஃபர்ட் இருந்த சோபாவில் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார். ரிமோட்டை அவர் கையில் வைத்தார்.

“முதல்லேருந்து போடு” என்றார். “இவ்வளவு நேரம் நான் வேற கதை பாத்துக்கிட்டிருந்தேன்.”

கிளிஃபர்டுக்குப் பொத்தான் அகப்படவில்லை. லொரைன் தன் விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தினார்.