தகரக் கூரையும் ஒரு தட்டு வர்க்கியும்

மேனேஜர் ஐயாவின் மூக்குக் கண்ணாடியில் விழுந்த அந்தச் சொட்டுத் தண்ணீர் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வெளியே மழை இல்லை. நான் கட்டி முடித்த இரும்புக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருந்தோம். அவர் அண்ணாந்து பார்த்தார். அடுத்த சொட்டு நெற்றியில் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்தபடி, "என்னப்பா, இது காரை நிறுத்துற எடமா, கழுவுற எடமா?" என்று கேட்டார். குன்னூர்ப் பக்கத்தில் என்னிடம் அப்படிப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்து, பிறகு சொந்தமாக லாரிகள் விட்டு, எஸ்டேட்டுகளில் தூக்கிப்போட்ட பழைய வண்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி உயிர் கொடுத்தவன். ஜீப்பு, டிராக்டர், பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் என்று வீட்டைச் சுற்றி நின்றன. ஆசைப்பட்ட எதையும் நான் விட்டதில்லை. ரிட்டயரான எஸ்டேட் மேனேஜர் ஐயாவின் கரும்பச்சைக் கார் மட்டும் கைக்கு வரவில்லை. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார துரை அவருக்கு விட்டுப்போன கார் அது. தினமும் தன் கையாலேயே துடைப்பார். மனைவி காலமான பிறகு மகன் அவரைச் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடற்காற்றில் அந்தத் தகடு தாங்காது, இங்கேயே யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். கோயம்புத்தூர் வியாபாரி ஒருவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் பிரிச்சு வித்துருவான். நீ பிரிக்க மாட்ட, ஆனா நனைய விட்டுருவ. ஈரமில்லாத எடம் ஒண்ணு கட்டு. அப்புறம் பேசலாம்" என்றார் ஐயா.

கட்டினேன். மலையில் இரும்புக் கட்டடம் எழுப்புவது கீழே எழுப்புகிற மாதிரி இல்லை. நீள உத்தரங்களை ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. அதனால் அவற்றை மேட்டுப்பாளையத்திலேயே துண்டு போடச் சொல்லி, மேலே கொண்டுவந்து போல்ட்டுப் போட்டு இணைத்தேன். கிரேன் ஏறாத சரிவில் கப்பியும் கயிறும் கட்டித் தூண்களை நிமிர்த்தினேன். எந்தக் காற்றுக்கும் அசையாது. இன்றுவரை ஒரு போல்ட்டு தளர்ந்ததில்லை. மூடுபனி துளிகூட உள்ளே வரக்கூடாது என்று சந்துபொந்தெல்லாம் அடைத்தேன். அதனால்தான் கூரை வேர்த்துக் கொட்டியது.

ஐயா தலையை ஆட்டிவிட்டுப் போனதும் என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, சோத்துச் சட்டிய மூடி வெச்சா மூடியில தண்ணி கோக்காதுங்களா? இத்தாம்பெரிய சட்டிய மூடிப்போட்டு அண்ணாந்து பாத்துட்டு நிக்கறீங்களே!"

"போடி, இரும்பப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றேன். அவள் சொன்னது சரிதான். ஆனால் சட்டி என்றால் மூடியைத் திறந்தால் போதும். இந்த ஊரில் கொட்டகையைத் திறந்துவிட்டால் மேகமே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வழி கண்டவன் நான். அடைமழையிலும் டீ ஃபேக்டரியில் இலையை வாட்டுகிறார்களே, எப்படி? வெதுவெதுப்பான காற்றை ஓடவிட்டுத்தானே! மூடிக் கிடந்த ஒரு ஃபேக்டரியிலிருந்து காற்றாடியையும் அடுப்பையும் வாங்கி வந்தேன். தகரத்துக்கு அடியில் பலகை அடித்து, முகட்டில் காற்று வெளியேற வழி விட்டு, வெளிப்புறம் அடுப்பை மூட்டினேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐயா சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்தரம், கையில் பேக்கரிப் பொட்டலத்தோடு வந்தார். பிஸ்கட் மாதிரி மொறுமொறுக்கும், சூடு ஆறாத வர்க்கியைத் தட்டில் பரப்பி, என் ஜீப்பின் பானட் மேல் வைத்தார். மழைக்காலத்தில் திறந்து வைத்த வர்க்கி துணி மாதிரி துவண்டுபோகும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

"காலைல வருவேன். ஒடிச்சா சத்தம் கேக்கணும். இல்லேன்னா கார் நேரா கோயம்புத்தூர் எறங்கிரும்" என்று சொல்லி, கதவுக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டார்.

"என்னை நம்பலீங்களா ஐயா?"

"உன்னை நம்பறேன். உன் ஊட்டு வர்க்கி டப்பாவத்தான் நம்பல."

மறுநாள் கொட்டும் மழையில் அந்தக் காரிலேயே வந்தார். பின் சீட்டில் அவருடைய பெட்டி இருந்தது. காரை வாசலில் நிறுத்தி, பூட்டைத் திறந்து, நேராகத் தட்டிடம் போனார். எத்தனையோ ஏலத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நான், அன்று டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு வர்க்கியை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தார். தகரத்தில் விழும் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நம்பாதவர் மாதிரி இன்னொன்றையும் ஒடித்தார். அதுவும் கேட்டது. அதை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

என் வீட்டுக்காரி டீ கொண்டுவந்தாள். "டீ இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, கார் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "வண்டி நனையுது பாரு. உள்ள ஏத்து."

"நீங்களே கொண்டாந்து உடுங்க ஐயா."

"கட்டினவன் நீ. நீயே கொண்டா."

நான் ஏறி உட்கார்ந்தேன். எஸ்டேட்டையே அதட்டி வேலை வாங்கிய மனிதர், குடைகூட இல்லாமல் மழையில் நின்று, லாரிக் கிளீனரைப் போலக் கையை ஆட்டினார். "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... ஆங், வரட்டும்!" கார் முழுவதும் உள்ளே வந்த பிறகுதான் அவர் நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டார்.

ஐயா கண்ணை மூடி வெகுகாலமாகிறது. காரில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வாரம் ஒரு தடவை வெளியே ஓட்டிவிட்டுத் திரும்ப உள்ளே விடும்போது, என் மகன் கைகாட்ட ஓடி வருவான். வேண்டாம், தள்ளி நில்லு என்று சொல்லிவிடுவேன். அந்தக் கதவுக்குள் அந்தக் காரை ஏற்ற எனக்கு இன்னொருவர் கைகாட்ட வேண்டியதில்லை.