ஐந்து ஐந்து எழுத்தாக

எங்கள் படைப்பிரிவு தொடங்கப்பட்ட நாளை ஒவ்வோர் ஆண்டும் ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு பிரியாணிக் கடையின் மாடி ஹாலில் கொண்டாடுகிறோம். பணியில் இருந்தபோது இந்த நாளில் பராகானா என்று பெரிய விருந்து நடக்கும். அன்றைக்கு மட்டும் அதிகாரிகள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சிப்பாய்களுக்குப் பரிமாறுவார்கள். இங்கே அதிகாரிக்கு எங்கே போவது? வருகிறவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்ற வயர்லெஸ் ஆட்கள். இப்போது வாலாஜாபாத்திலிருந்து மறைமலை நகர் வரை ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து அதே நீலச் சட்டையோடு வந்துவிடுவார்கள். எல்லையைக் காத்தவன் இப்போது கான்ட்ராக்ட் பையன்களின் டிபன் பையைத் திறந்து பார்க்கிறான். இதை நான் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வரும். வேறு யாராவது சொன்னால் எனக்கு வரும்.

இந்த ஆண்டு கேக் வெட்டுவதற்கு முன்பே என் நண்பன் வந்துவிட்டான். அவனும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே வகுப்பில் வயர்லெஸ் ஆபரேட்டர் ஆனவர்கள். சில மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கி மாடியேற்றினோம். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஆளாளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டு ஏற்றியதில், பக்கவாதம் எங்களுக்கும் வந்துவிடுமோ என்று இருந்தது. அவன் சிரிக்கவில்லை. முன்பென்றால் இதற்கு எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பான்.

அவன் மனைவி என்னைத் தனியாக அழைத்தார்.

"அண்ணா, ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து அந்த இடது கை வெரலு நிக்கவே மாட்டேங்குது. கட்டில் சட்டத்துல அமுக்கி அமுக்கித் தட்டிக்கினே கீறாரு. தட்டிட்டு என் மூஞ்சியப் பாக்குறாரு. டாக்டரு நரம்பு இழுக்குதுன்றாரு. எனக்கு அப்படித் தோணல. இது உங்க மிலிட்டரி பாஷைதானே? எங்கிட்ட இன்னா சொல்றாருன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணா. அதுக்குத்தான் இட்டுக்கினு வந்தேன்."

நான் போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். விரல் மேசையில் தட்டியது, அழுத்தியது, தட்டியது. தட்டினால் புள்ளி, அழுத்திப் பிடித்தால் கோடு. சந்தேகமே இல்லை, மோர்ஸ்தான், எங்கள் தந்தி பாஷை. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, "டேய், அனுப்புறான்டா!" என்று கத்தினேன்.

பிரியாணியை விட்டுவிட்டு எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எத்தனையோ வருடமாக யாரும் தொடாத வேலை. முதலில் தடுமாறினோம். நான் "எல்" என்றால் பக்கத்திலிருந்தவர் "எஃப்" என்றார். இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறை. எப்போதும் எங்களைக் கிண்டல் செய்கிற லைன்மேன், அதாவது கம்பம் ஏறிக் கம்பி இழுத்தவர், "இவனுங்க படிச்சுத்தான் சண்டையில ஜெயிச்சமா?" என்றார். பிறகு காது பழகுவதுபோல் கண் பழகியது. படையில் 'டி'க்கு டெல்டா, 'கே'க்குக் கிலோ என்று எழுத்தை உரக்கச் சொல்லும் முறையிலேயே சொல்ல ஆரம்பித்தோம். "டெல்டா! கிலோ! சியரா!" ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி மொத்த ஹாலும் கூவியது. ஐந்து எழுத்து, ஒரு சின்ன இடைவெளி. மறுபடி ஐந்து எழுத்து. கை கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

கடைசியில் அவன் நிறுத்தியதும் கைதட்டிவிட்டோம். நீலச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு எழுத்து தப்பல சார்! இடது கையிலயும் அதே ஓட்டம் சார்!" என்றார். அவன் மனைவியும் எங்கள் மகிழ்ச்சியைப் பார்த்துச் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "இன்னா சொன்னாருண்ணா?" என்று கேட்டார்.

எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தால் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட வரவில்லை.

அர்த்தம் தெரியாமல் எழுத்தை வாங்குவதுதான் நாங்கள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. ரகசியச் செய்திகள் ஐந்து ஐந்து எழுத்தாகத்தான் வரும், போகும். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று ஆபரேட்டருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அர்த்தம் பிரிக்கிறவர் வேறு அறையில் இருப்பார். என் நண்பனே இதற்கு ஒரு கதை வைத்திருந்தான், ஒவ்வோர் ஆண்டும் இந்த ஹாலில் சொல்லுவான். பனிமலை முகாமில் ஒரு விடியற்காலை நீண்ட செய்தி ஒன்றைத் தப்பில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, பெருமையாக டீ குடித்துக்கொண்டிருந்தானாம். அர்த்தம் பிரித்தவர் வந்து தோளில் கை வைத்தார். மற்ற விஷயங்களோடு கடைசியில், அவன் அப்பா இறந்த தகவலும் அதில் இருந்தது. "எங்கப்பா சாவை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்" என்று சிரித்துக்கொண்டே முடிப்பான். நாங்களும் ஏன் சிரித்தோமோ தெரியவில்லை.

இப்போது வேறு அறை என்று எதுவும் இல்லை. நோய் அவனுக்குள் சொற்களைக் கலைத்துப் போட்டுவிட்டது. கைக்கு மட்டும் தொழில் மறக்கவில்லை. அவன் தலைக்குள் அது "சாப்பிட்டாயா" என்று இருக்கலாம், "என்னை விட்டுவிடு" என்றும் இருக்கலாம். எங்களிடம் இருந்தது வெறும் டெல்டா, கிலோ, சியரா.

"அண்ணா?" என்றார் அவர்.

"கொஞ்சம் இரும்மா" என்றேன். எதற்கு இருக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அவன் கட்டளையிடுகிற மாதிரி மேசையில் இன்னொரு முறை தட்டினான். கோடு, புள்ளி, கோடு. நான் முடித்துவிட்டேன், நீ பதில் சொல் என்று அர்த்தம். அதுவரை அவன் அனுப்பியதில் எங்களுக்குப் புரிந்தது அது ஒன்றுதான். தட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தான். மறுபடி அதையே தட்டினான். வீட்டில் கட்டில் சட்டத்தில் தட்டிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்ப்பானாமே, அந்தப் பார்வை இதுதான். எத்தனை மாதமாக ஒருத்தரும் பதில் சொல்லாமல் கிடந்திருக்கிறான்! எனக்குத் தாங்கவில்லை.

என் விரலை மேசையில் வைத்து, புள்ளி, கோடு, புள்ளி என்று அடித்தேன். முழுவதும் கிடைத்தது என்று அர்த்தம். தொழில் முறைப்படி அதில் பொய்யே இல்லை, எழுத்தெல்லாம் கிடைத்துவிட்டது. அவனுக்குத்தான் அது பொய்.

அவன் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். கோணிய வாயால் சிரித்தான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் தட்ட ஆரம்பித்தான். இந்த முறை வேகம் இரண்டு மடங்கு. நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேட்க ஆள் கிடைத்துவிட்டது என்கிற நம்பிக்கையில், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினான்.

அவன் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தார். "இப்ப இன்னா சொல்றாருண்ணா?"

"எல்லாத்தையும் சொல்றான்மா" என்றேன்.