பாதியில் நின்ற பதிகம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தைப்பூசக் காலையில், சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோவிலை நோக்கிச் சென்ற காவடி வரிசையில் இது நடந்தது.

அவ்வாண்டு என் தங்கை மகன் பால்காவடி எடுத்தான். இங்குள்ள காற்பந்துக் குழு ஒன்றில் அவன் ஆட்டக்காரன். எங்கள் குடும்பத்தில் காவடிக்குப் பின்னே பாடிச் செல்வது என் பொறுப்பு. சிறு வயது முதல் பதிகங்களை ஓதி வருகிறேன். எடுத்த பதிகத்தை முடிக்காமல் விடும் வழக்கம் இல்லை. காவடி எடுப்பவர் தளரும்போது குரலை உயர்த்தினால் கால்கள் தாமே எழும் என்பது என் நம்பிக்கை.

அவனுடைய குழு நிர்வாகியும் அன்று எங்களோடு நடக்க வந்திருந்தார். ஐம்பதைக் கடந்த ஆங்கிலேயர். தம் நாட்டில் ஆட்டக்காரராக இருந்து, பிறகு குழுக்களை நடத்தும் பொறுப்புக்கு வந்தவர். அங்கே இரண்டு குழுக்கள் அவரை நீக்கிய பின்னர் இங்கே வந்து சேர்ந்தார். ஆட்டக்காரர்களை அவசரப்பட்டு ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே அழைத்துவிடுகிறார் என்பதே எங்கும் அவர்மேல் சொல்லப்பட்ட குறை. முந்தைய பருவத்தின் முக்கியமான ஆட்டத்தில் என் தங்கை மகனையும் அப்படித்தான் வெளியேற்றினார். அந்த மனத்தாங்கல் அவனுக்குத் தீரவில்லை. அடுத்த பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தன.

"கோச், டுடே யூ கேன்னாட் சேஞ்ச் மீ லா!" என்று காவடிக்கு அடியிலிருந்து அவன் சீண்டினான். காலணிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, இலேசாக நொண்டியபடி வந்த நிர்வாகி சிரித்தார்.

வழியிலுள்ள டோபி காட் பகுதியை நெருங்கியபோது அவன் நடை தளர்ந்தது. குரலை உயர்த்தினேன். உறவினர் அனைவரும் சேர்ந்து பாடினர். அவன் முகம் மலர்ந்து, நடை விரைந்தது. எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

அப்போது நிர்வாகி என் தோளைத் தொட்டார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: "அங்கிள், பாட்டை நிறுத்துங்க, ப்ளீஸ். நீங்க பாடுற வரைக்கும் அவன் நிக்க மாட்டான்."

எனக்குச் சினம் மூண்டது. "இது சாமி காரியம், பந்தாட்டம் இல்லே" என்று ஆங்கிலத்திலேயே கூறிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினேன். அவர் வாதாடவில்லை. "முகத்தைப் பாக்காதீங்க. வலது காலைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். குதிகால் தரையில் படவில்லை. காலை இழுத்து இழுத்து வைத்தான். பாட்டு என் வாயிலேயே நின்றது. கையை உயர்த்தி மற்றவர்களையும் நிறுத்தச் சொன்னேன்.

"ஏன் மாமா நிப்பாட்டிட்டீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல, பாடுங்க!" என்றவன், அடுத்த அடி வைத்ததும் "அம்மா!" என்று அலறினான். என் தங்கை முக்காலியோடு ஓடி வந்தாள்.

கெண்டைக்கால் தசை சற்றுக் கிழிந்திருக்கிறது என்றார் முதலுதவிக் கூடாரத்துப் பெண். அதே வேகத்தில் நடந்திருந்தால் முழுதும் கிழிந்து, அவன் பல மாதங்கள் ஆட முடியாமல் போயிருக்குமாம்.

அவன் காலருகே குந்தியிருந்த நிர்வாகி அப்போதுதான் தம் கதையைச் சொன்னார். இளம் வயதில் ஓர் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் திருகிக்கொண்டது. திடலே எழுந்து நின்று அவர் பெயரைப் பாடியது. எழுந்து, முடியும் வரை ஆடினார். அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.

"உங்க பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு, அங்கிள். அதனாலதான் பயந்தேன்" என்றார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, கோச்?"

"சொல்லியிருந்தா அன்னைக்கு ஆட்டத்தை விட்டு வெளியே வந்திருப்பியா?"

அவன் சற்று யோசித்தான். "மாட்டேன் லா."

காவடியை என் தங்கை கணவர் தோளில் ஏற்றுக்கொண்டார். கூடாரத்தில் தந்த சக்கர நாற்காலியில் அமர்ந்தவன் என் கையைப் பற்றி, "மாமா, சாமி ஏத்துக்குமா?" என்று கேட்டான். கண்கள் கலங்கியிருந்தன. வர இயலாத அடியவரைத் தேடி இறைவனே வருவதைத்தானே இத்தனை காலமாகப் பாடி வருகிறேன்! அதை அன்று பாடாமல், மெதுவாக அவனிடம் சொன்னேன். நிர்வாகி நாற்காலியைத் தள்ள, அமைதியாகக் கோவிலை அடைந்தோம். சன்னதியில் பாலை அவனே தன் கையால் கொடுத்தான்.

இன்றும் காவடிக்குப் பின்னே பாடிச் செல்கிறேன். யாருக்காகப் பாடுகிறேனோ, அவர் நிற்க விரும்பினால் நிற்பதற்கு என் குரல் இடம் தருகிறதா என்று பார்த்துக்கொண்டே பாடுகிறேன்.