ஐயனாருக்கு ஒரு ஏரோப்ளேன்

என் மாமனாருக்கு ஆகாயத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மழை வருமா வராதா என்பதுதான். அதையும் பாதி நாள் தப்பாகவே சொல்வார். அப்படிப்பட்டவர், வில்லியனூரில் டூரிங் கொட்டகை போட்டு யுத்தப் படம் ஒன்றைக் காட்டிய ஒரே வாரத்தில், ஆகாய யுத்தத்தில் நிபுணராகிவிட்டார்.

எங்களுக்குப் பாகூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும். என் கணவர் அவருக்கு ஒரே மகன். யுத்தம் வந்து பிரெஞ்சு சர்க்கார் சொல்தாவுக்கு, அதாவது பட்டாளத்துக்கு, ஆள் எடுத்தபோது, மேரி என்கிற நகராட்சி ஆபீசிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பெரிய வூட்லேர்ந்து ஒரு ஆளு போனாதான் மத்தவங்களும் போவாங்க" என்றார். பெரிய வீடு என்ற சொல்லிலேயே மாமனார் உருகிப்போனார். வந்தவருக்குக் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் மகனைக் கொடுத்துவிட்டார். கல்யாணமாகி ஏழு மாதமான என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கப்பல் கிளம்பிய அன்று நான் எங்கள் ஊர் ஐயனாருக்கு வேண்டிக்கொண்டேன். அவர் முழுசாகத் திரும்பி வரட்டும், உனக்கு ஒரு மண்குதிரை எடுத்து வைக்கிறேன் என்று. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். குயவர் குதிரை செய்து தருவார். கோயிலில் பூசாரி அதற்குக் கண் எழுதித் திறந்தபிறகு, அது ஐயனார் ஏறும் வாகனமாகிவிடும்.

கடுதாசி எப்போதாவது வந்தது. புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் ஐந்து வருஷம் படித்தவள் என்பதால் நான்தான் வாசித்துச் சொல்வேன். ஒரே மணல் என்று எழுதியிருப்பார். உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுகிறேன், லாரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருப்பார். நடுநடுவே சர்க்கார் ஆட்கள் சில வரிகளைக் கறுப்பு மையால் அடித்திருப்பார்கள்.

யுத்தப் படத்துக்கு மாமனார் வண்டி கட்டி என்னையும் இட்டுப்போனார். வெள்ளைக்காரர்கள் பேசியது ஒருவருக்கும் புரியாது என்பதால், கொட்டகைக்காரர் தகரக் குழலோடு ஓர் ஆளைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அவருக்கும் புரியவில்லை என்பது ஐந்தாவது நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணாடி மாட்டிய ஒருவன் ஏரோப்ளேனில் ஏறினால் "தாய்நாட்டுக்காக!" என்றார். இறங்கினாலும் "தாய்நாட்டுக்காக!" என்றார். அவன் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்தபோது மட்டும் இருமிவிட்டு, "தங்கச்சி" என்றார்.

ஏரோப்ளேன்கள் ஒன்றையொன்று துரத்தின. புகை விட்டு விழுந்தன. விழுந்தவன் தலைகூடக் கலையாமல் எழுந்து வந்தான். அப்புறம் மேலிருந்து தரையைக் காட்டினார்கள். கீழே ஆட்கள் எறும்பு மாதிரி ஓடினார்கள், குண்டு விழுந்தது, கொட்டகையே கைதட்டியது. மாமனார் எழுந்து நின்று கைதட்டினார். அந்த எறும்புகளில் ஒன்று உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்ததும் நான் திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் மாமனார் பழைய கடுதாசிகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். கறுப்பு மை அடித்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுலதாம்மா இருக்குது சமாச்சாரம். ஏரோப்ளேன் ஓட்டறத எழுதியிருக்கான். அதான் சர்க்காரு அழிச்சிருக்குது."

"மாமா, அழிக்காத இடத்துல உருளைக்கெழங்குன்னு எழுதியிருக்காரே."

"அது எதிரிய ஏமாத்த எழுதறது. உனுக்கு இன்னா தெரியும்?"

சாயங்காலத்துக்குள் என் கணவர் ஏரோப்ளேன் ஓட்டுகிறார் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரத்துக்குள் அவர் நாலு ஏரோப்ளேனைச் சுட்டுத் தள்ளியும்விட்டார்.

அந்தப் படம் ஊர் ஆண்களைப் பிடித்து ஆட்டிய மாதிரி அம்மைகூட ஆட்டியதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் தக்கை மாதிரி லேசான நெட்டியில் ஏரோப்ளேன் செய்தார். தச்சர் ஏர் செய்வதை விட்டுவிட்டுக் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தார். பேரன் எடுத்தவர்கள் களத்துமேட்டில் ஆளுக்கொன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டர்ரென்று வாயால் சத்தம் போட்டு ஓடினார்கள். யாருடையது யாருடையதைச் சுட்டது என்று இரண்டு பங்காளிகளுக்கு அடிதடியே ஆயிற்று. நாற்றங்காலில் தண்ணீர் வற்றிக் கிடந்தது.

இதற்குமேல் ஒரு கூத்து உண்டா என்றால், உண்டு. என் குதிரையை மாமனார் மாற்றிவிட்டார்.

"குதிர மேல ஏறி அத்தினி தூரம் எப்பப் போய்ச் சேருவாரு ஐயனாரு? ஏரோப்ளேன் செஞ்சி வெச்சா ஒரே நாள்ல போய் நம்ம புள்ளயக் காப்பாத்துவாரு" என்றார். வேண்டுதல் பலித்த பிறகுதான் செலுத்துவது முறை, அதுவும் அது என் வேண்டுதல் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குயவர் ஏரோப்ளேனை நேரில் கண்டதில்லை. மாமனார் அவரையும் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் படம் காட்டினார். ஆனால் பரம்பரையாகக் குதிரை செய்து பழகிய கை அது. "நாலு காலு வெச்சாதான் சூளையில நிக்குங்கய்யா" என்றார். ஆகவே என் தாலிக்குக் காவலாக வந்த ஏரோப்ளேன் நாலு குதிரைக் கால்களில் நின்றது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று பிரெஞ்சுக் கொடி நிறம் பூசியிருந்தது. ஓட்டுகிற இடத்தில் மீசை வைத்த தலை ஒன்று.

கண் திறக்கிற அன்று பூசாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கண்ணு எங்கப்பா?" என்றார். ஏரோப்ளேனுக்குக் கண் கிடையாது என்றார் வாத்தியார். கண் இல்லாத வாகனத்தில் சாமி ஏறாது என்றார் பூசாரி. வெயில் உச்சிக்கு வரும்வரை பெரிய மனிதர்கள் கூடி இதைப் பேசினார்கள். கடைசியில் மூக்குக்கு இரண்டு பக்கமும் உருண்டைக் கண் எழுதித் திறந்தார்கள். அது எதிரே நிற்பவரை முறைத்துப் பார்த்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

யுத்தம் முடிந்து என் கணவர் வந்தார். வில்லியனூர் ஸ்டேஷனில் மேளத்தோடு பாதி ஊர் நின்றது. இறங்கியவரை ஒவ்வொரு அங்கமாக எண்ணிப் பார்த்தேன். கை, கால், முகம் எல்லாம் இருந்தன. இடது காது மட்டும் கேட்கவில்லை. மேளக்காரன் தவிலில் ஓங்கித் தட்டியதும் அவர் தலை தோளுக்குள் இறங்கியது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. மாமனார் மாலை போடுவதில் மும்முரமாக இருந்தார்.

வீட்டுக்கு விடாமல் நேரே கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். மாமனார் கற்பூரத் தட்டை அவர் கையில் கொடுத்து, கூட்டத்தை விலக்கி, "பாருடா, உன்னுது!" என்றார்.

அவர் பார்த்தார். தட்டு சாய்ந்து, கற்பூரம் மண்ணில் விழுந்தது. அப்படியே குந்தி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். சாமி வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். பூசாரி திருநீற்றை எடுத்தார்.

"எழுந்திருடா. நீ ஓட்டனதுதானே?" என்றார் மாமனார்.

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் ஓட்டலப்பா. இது வந்தா நான் பள்ளத்துல படுத்துக்குவேன். நம்ம பக்கத்து நல்லவாடு ஊர்க்காரன் ஒருத்தன் எங்கூட கெழங்கு சீவினு இருந்தான். அவன் எழுந்து ஓடனான். அவனுக்குப் பொதைக்கக்கூட ஒண்ணும் கெடைக்கல."

மேளம் நின்றுவிட்டது. மாமனாருக்கு முகம் செத்துப்போயிற்று. மகன் பிழைத்து வந்ததைவிட, ஏரோப்ளேன் ஓட்டவில்லை என்பதுதான் அந்த மனிதருக்குப் பெரிதாகப் பட்டது. "எல்லார் எதிர்லயும் இன்னாடா பேசற? கற்பூரத்த ஏத்துடா" என்று மகனின் தோளைப் பிடித்து இழுத்தார்.

அதற்குமேல் நான் பொறுக்கவில்லை. போய் இரண்டு கைகளாலும் அந்த ஏரோப்ளேனைத் தள்ளினேன். நாலு காலும் முறிந்து குப்புற விழுந்து நொறுங்கிற்று. சாமி குத்தம் என்று ஒரே கூச்சல். மாமனார் என்னை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, நான் என் புருஷனைத் தூக்கி நிறுத்திக் கூட்டத்திலிருந்து வெளியே கூட்டிவந்தேன்.

வரப்பில் பாதி தூரம் வந்ததும் அவர் நின்று, கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, மெல்லக் கேட்டார்.

"வேற எங்கனா இருக்குதாடி?"

"வூட்ல இருக்குது. உங்கப்பா கூடத்துல நெட்டி ஏரோப்ளேன் ஏழு கட்டித் தொங்கவுட்டிருக்காரு."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ முன்னால போ. நான் இங்கயே குந்தினு இருக்கறேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.