தாட்சாயணியின் சுமைதாங்கி

கனவென்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் விழித்திருந்தேன். உச்சி வெயில். பன்னிரண்டு பத்து ரயில் புத்தூரை விட்டுக் கிளம்பிக் கூவிக்கொண்டிருந்தது.

1958. எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று எல்லைத் தகராறு நடந்த சமயம். என் அக்கா தாட்சாயணி செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மூன்று பிள்ளை பெற்றவள். "இன்னொன்று சுமந்தால் பிழைக்கமாட்டாள்" என்றார் டாக்டர். "கலைத்தால் போலீஸ் கேசு" என்றதும் அவரே. அக்கா மருத்துவச்சி சென்னம்மாவிடம் போனாள். கலைந்தும் கலையாமலும் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் எல்லோருக்கும் ஜெயில் என்று பயந்து, மூன்று நாள் வீட்டிலேயே வைத்துச் சாகவிட்டோம். நானும்தான்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கு எங்கள் பக்கம் சுமைதாங்கி நடுவார்கள். தோளுயரத்துக்கு இரண்டு கல், மேலே குறுக்காக ஒன்று. வழியில் போகிறவர்கள் அதில் தலைச்சுமையை இறக்கினால் அவள் சுமையும் இறங்கும்.

கிராம முன்சீப் ஆதிநாராயணன் ஒப்பவில்லை.

"உங்கக்கா ஜுரத்துல செத்தான்னு எழுதிட்டன். கல்லு நட்டா அவ புள்ளத்தாச்சின்னு நீயே சாட்சி சொன்ன மாதிரி. போலீசு உன்னையும் சென்னம்மாவையும் இஸ்துக்கினு போவும்."

"அதுக்கோசரம் எங்கக்கா சுமந்துக்கினே நிக்கணுமா மாமா?"

"வாய மூடிக்கினு போ இந்திராணி."

அன்றுதான் அது நடந்தது. தலையில் கடலைக்கொடிக் கட்டு. ஏரித் திருப்பத்தில் கழுத்து இற்றுப்போயிற்று. எதிரே சுமைதாங்கி. கட்டை இறக்கினேன். கல்லில் கை வைத்தேன்.

சில்லென்று இருந்தது... அந்த வெயிலில்.

மேலே மஞ்சள் பூசியிருந்தது. ஈரம் காயவில்லை. ரயில் சத்தம் பாதியில் அறுந்தது.

சொட்... சொட்...

பின்னால் ஏதோ சொட்டியது.

கட்டைத் தூக்க முயன்றேன். பின்னாலிருந்து யாரோ கை கொடுத்துத் தலையில் ஏற்றினார்கள்.

"பாத்துப் போ, பாப்பா."

என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிறவள் ஒருத்திதான்.

நடந்தேன். பத்தடி போன பிறகுதான் உறைத்தது.

அங்கே கல் கிடையாது.

அதற்காகத்தானே நான் சண்டை போட்டேன்...

திரும்பினேன்.

வெறும் மண்.

வீட்டில் கட்டை இறக்கிய என் கணவர் அப்பாவு, "இன்னாடி இது?" என்றார். கொடியின்மேல் ஐந்து விரல். மஞ்சள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே இடத்தில் கல் நட்டேன். "தாட்சாயணி, புள்ளத்தாச்சி" என்று வெட்டச் சொன்னேன். மறுவாரமே போலீஸ் வந்தது.

"யாரும்மா கலைச்சது?"

"செத்தவளக் கேளு சார். ஏரித் திருப்பத்துல நிப்பா."

சித்தூர் கோர்ட்டுக்கு நான்கு தடவை இழுத்தார்கள். சென்னம்மா பெயர் என் வாயிலிருந்து வரவில்லை. கேஸ் நிற்கவில்லை. கல் நிற்கிறது.

கருக்கலைப்புச் சட்டம் மாறிய பிறகு ஒருநாள், சென்னம்மா படுத்த படுக்கையில் இருந்தபோது, நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீ கல்லு நடறதுக்கு முன்னயே மூணு பொம்பளைங்க அதுல சுமை எறக்கினாங்க. மூணு பேரும் வேற வேற ஊரு. எங்கிட்ட வந்து சொன்னாங்க."

"மத்தவங்க யாரும் பாக்கலியா?"

"ஊரே அந்த வழியாத்தான் போச்சி. யார் கண்ணுலயும் படல." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மூணு பேரும் எங்கிட்டக் கலைச்சிக்கினவங்க."

நான்காவது நான். அக்கா சாவதற்கு முந்தின வருடம், சென்னம்மாவிடம் நானும் கலைக்கப் போயிருந்தேன்.