ஆளைப் பார்க்காத லிஸ்ட்

கடலூரில் ஒரு பூச்சிமருந்து கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை கொளஞ்சியப்பனுக்கு. நான்கு வருடமாகத் தற்காலிகம்தான். அந்த 2008இல் வடலூரில் வெண்மதியைப் பெண் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்தும் போயிருந்தது. "தீபாவளிக்குள்ள பர்மனென்ட் ஆர்டரக் காட்டுங்க மாப்ள, தையில வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார் பெண்ணின் அப்பா.

மேனேஜர் நடனசபாபதி ஒரு நாள் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர்ல பென் டிரைவ், சீட்டாட்டம் ரெண்டும் எவனுக்கும் கூடாது. எனக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார். சீட்டாட்டமுமா சார் என்று கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. சர்வரில் ஒரு லிஸ்ட் போட்டான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் லிஸ்ட்டில் இருந்தால் தடை போய்ச் சேரும், இல்லாவிட்டால் சேராது. சிதம்பரம் கிளையின் ஆறையும் சேர்த்து நாற்பத்தோரு பெயர்களை எழுதினான். மேனேஜருடையதை மட்டும் விட்டான்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பூஜை ஒரே இடத்தில் நடந்தால்தான் விசேஷம் என்று மேனேஜர் சொல்ல, சிதம்பரத்துக் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஜீப்பில் வந்து இறங்கின. ஆபீஸ் உதவியாளர் ராஜமாணிக்கம் நாற்பத்திரண்டையும் ஹாலில் வரிசையாக உட்கார வைத்து, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். கொளஞ்சியப்பன் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளெல்லாம் அழுக்கோடு போயின. அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று ஏறின. மறுநாள் எந்தப் பெட்டி எந்த மேசைக்குப் போனது, எந்த ஆறு சிதம்பரம் ஜீப்பில் ஏறின என்று ராஜமாணிக்கத்துக்கும் தெரியாது. ஃபைல்கள் எல்லாம் சர்வரில் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தீபாவளி நேரத்து வேலையில் மேனேஜருக்கும் சீட்டாட நேரமில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மேனேஜர் அறையிலிருந்து சத்தம் வந்தது. கொளஞ்சியப்பன் ஓடினான்.

"சென்னைலேருந்து பர்மனென்ட் ஆர்டர் பென் டிரைவுல வந்திருக்கு. உன் பேரும் இதுலதான் இருக்கணும். செருகினா அனுமதி இல்லங்குது! நான் யாருன்னு அதுக்குத் தெரியாதா?"

"அது ஆளப் பாக்காது சார். பெட்டியத்தான் பாக்கும்."

"அப்ப என் பெட்டி எங்க?"

கடலூர் மேசைகளில் ஒன்றிலும் சீட்டாட்டம் திறக்கவில்லை. சந்தேகத்தில் சிதம்பரத்துக்குப் போன் போட்டான். அங்கே டைப் அடிக்கும் சிவகாமு, இவனுக்கு அப்புறம் சேர்ந்த தற்காலிகம். "ஏம்மா, ஒன் பெட்டியில சீட்டாட்டம் தொறக்குதா?" என்று கேட்டான்.

"தொறக்குதுண்ணா! பூஜ போட்டதுலேருந்து நல்லா வேல செய்யுது!"

மேனேஜர் ரிசீவரைப் பிடுங்கி, பெட்டியை உடனே அனுப்பச் சொன்னார். பூஜை முடிந்து உட்கார்ந்த பெட்டியை நகர்த்தினால் ஆகாது சார் என்றாள் அவள். அதைக் கேட்டு மேனேஜரே பயந்துபோனார். கடைசியில் கொளஞ்சியப்பன் மேனேஜர் மேசையில் இருந்த பெட்டியின் பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுத்தான், சிவகாமு பெட்டியின் பெயரைச் சேர்த்தான். இரண்டையும் ஒரு தடவை அணைத்துப் போட்டதும் வேலை முடிந்தது. வேலை என்னவோ இரண்டு நிமிஷம்தான்.

பென் டிரைவ் திறந்தது. மேனேஜர் மேலிருந்து கீழ் வரை படித்தார். அப்புறம் கீழிருந்து மேல் வரை படித்தார்.

"இந்த வருஷம் சிதம்பரம் கிளைக்கு மட்டும்தான்யா குடுத்திருக்கான். சிவகாமு பேர் இருக்கு. நீ கடலூர் கணக்குல இருக்க."

"அங்க இருக்கிற பெட்டி ஆறையும் நான்தான சார் மாட்டினேன்? மாசம் நாலு தடவ பஸ் புடிச்சுப் போய் நான்தான சார் பாக்குறேன்?"

நடனசபாபதி நல்ல மனுஷர்தான். அவருக்கே சங்கடமாக இருந்தது. "அது ஆளப் பாக்காதுய்யா" என்றார்.

கொளஞ்சியப்பனுக்கு அழுகை வந்தது. வெண்மதியின் அப்பாவுக்கு இதை எந்தப் பாஷையில் சொல்வது? வெளியே வந்தான். ராஜமாணிக்கம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றான். "வர்ற ஆயுத பூஜைக்கு என்னையும் நல்லாத் தொடச்சு, பொட்டு வெச்சு, சிதம்பரம் ஜீப்புல ஏத்தி விட்டுடுண்ணே."